இடது கண்ணும் முந்நூற்று அறுபத்தைந்து படங்களும்

காது கேளாத குழந்தைகள் படிக்கும் அந்தப் பள்ளியில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, ஆனால் வைத்தவர் தப்பாக வைக்கவில்லை. அவள் உட்கார்ந்து டீ குடித்துப் பார்த்தவர்கள் கிடையாது. ஒரு கையில் டம்ளர், மறு கையில் ஈரத் துணி. கரும்பலகையைத் துடைத்தபடியேதான் குடிப்பாள். அந்தப் பள்ளியில் மணி அடித்துப் பயனில்லை என்பதால் ஒவ்வொரு பாடவேளை முடியும்போதும் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரிவதற்குள் அவள் அடுத்த வகுப்பின் வாசலில் நிற்பாள். பஸ்ஸில் வந்தால் மூன்று நிறுத்தத்துக்கு முன்பே எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள்.

"நீ எழுந்து நின்னா பஸ் சீக்கிரம் போயிடுமா?" என்பார் புருஷன்.

"நான் உட்கார்ந்தா மட்டும் போயிடுமா?" என்பாள்.

அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவர். 'இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா' என்று நாள் முழுக்க ஒரே குரலில் கேட்கிற தொழில். அப்படிப்பட்ட மனிதருக்கு இப்படி ஒரு பெண்டாட்டியா என்று, மாடி வீட்டில் குடியிருக்கும் அவருடைய அக்கா இருபத்திரண்டு வருஷமாக ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஆச்சரியப்படுவது என்றால் சும்மா இல்லை, படியிறங்கி வந்து ஆச்சரியப்படுவாள்.

பள்ளியில் இருப்பதிலேயே சின்ன வகுப்பு பம்பரத்தினுடையது. மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகள். காதில் கருவி மாட்டியிருப்பார்கள். கொஞ்சம் கேட்கும், முக்கால்வாசி கேட்காது. கேட்காததைக் கண்ணால் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, பிடித்ததை வாயால் திருப்பிச் சொல்ல வைப்பதுதான் அவள் வேலை. 'ப' என்றால் உதடு மூடித் திறக்கும்போது காற்று வெடித்து வருகிறதல்லவா, அந்தக் காற்றைக் காட்ட உதட்டுக்கு எதிரே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடிப்பாள். காகிதம் துள்ளும். குழந்தையின் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைப்பாள், தொண்டையில் வைப்பாள். அப்புறம் குழந்தையின் வாய்க்கு எதிரே காகிதம். துள்ளவில்லை என்றால் மறுபடியும். நாற்பது தரம், ஐம்பது தரம். வேறு எதிலும் ஒரு நிமிஷம் பொறுக்காதவளுக்கு இதில் மட்டும் அத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கே தெரியாது. இருபத்தொரு வருஷத்தில் அவள் முகத்தைப் பார்த்து முதல் சொல் பேசிய குழந்தைகளை வரிசையாக நிறுத்தினால் பள்ளி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் நிற்பார்கள்.

அந்த முகம்தான் ஒரு நாள் காலையில் பாதியாகப் போயிற்று.

பல் தேய்த்துக் கொப்பளித்தாள். தண்ணீர் இடது பக்கமாக வழிந்து ரவிக்கையை நனைத்தது. அவசரத்தில் வழிந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் கொப்பளித்தாள். மறுபடியும் வழிந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தின் வலது பாதி பதறிப்போயிருந்தது. இடது பாதிக்கு விஷயமே தெரியவில்லை. கன்னம் தொங்கி, வாயோரம் இறங்கி, கண் மட்டும் மூட மாட்டேன் என்று திறந்தே இருந்தது. "என்னங்க" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு வார்த்தையே கோணலாக வந்தது.

"முகத்து நரம்பு வீங்கியிருக்கு" என்றார் டாக்டர். "பயப்படாதீங்க. பெரும்பாலும் சரியாயிடும். நாள் பிடிக்கும்."

"எத்தனை நாள்?"

"அது சொல்ல முடியாது."

உலகத்திலேயே அவளுக்குப் பிடிக்காத பதில் அது. மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், ஆஸ்பத்திரிப் படியில் நின்று புருஷனிடம், "சொல்ல முடியாதுன்னா இவர் எதுக்கு டாக்டர்?" என்று சண்டை போட்டாள். எச்சில் தெறித்தது. அவர் கைக்குட்டையை நீட்டினார்.

தலைமை ஆசிரியை நல்ல மனுஷிதான், ஆனால் பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "டீச்சர், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா சின்னப் பசங்க உங்க வாயைப் பார்த்துத்தான் வாயைத் திறக்குதுங்க. இந்த நிலைமையில உங்களை வகுப்புல விட முடியாது. ஒரு வருஷம் லைப்ரரியைப் பாருங்க. அடுத்த வருஷம் இதே தேதியில முகம் பழையபடி இருந்தா வகுப்பு உங்களுக்கு. இல்லேன்னா புதுசா வந்திருக்கிற பொண்ணுக்கே நிரந்தரமா கொடுத்துடுவேன். அதுவரைக்கும் சின்னப் பசங்களுக்குப் பேச்சுப் பாடம் நீங்க எடுக்கக் கூடாது."

ஒரு வருஷம். ஆக, நாள் தெரிந்துவிட்டது. அந்த மட்டும் நிம்மதி என்று அவள் நினைத்துக்கொண்டாள். நிம்மதி அன்று சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

முகத்துக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ டாக்டர் ஒல்லியான இளைஞர். அவர்தான் படத்தை ஆரம்பித்துவைத்தவர். "தினம் ஒரு போட்டோ எடுங்கம்மா. ஒண்ணே ஒண்ணு. ஒரே இடம், ஒரே நேரம். லேசா, வாயைத் திறக்காம, சும்மா தெரிஞ்சவங்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. ஒரு வருஷத்துக்கு. தினமும் எடுத்துப் பார்த்து மனசைக் கெடுத்துக்காதீங்க. மாசம் ஒரு தடவை இங்க வாங்க, சேர்ந்து பார்ப்போம். பயிற்சி மூணு வேளை, வேளைக்கு அஞ்சு நிமிஷம். மெதுவா. பலவந்தம் கூடவே கூடாது."

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டியதில் ஒன்றைத்தான் கடைப்பிடித்தாள், ஒரே இடம் என்பதை.

சமையலறை ஜன்னலுக்கு எதிர்ச்சுவர். காலை ஆறு நாற்பதுக்கு அங்கே வெளிச்சம் விழும். தரையில் கால் வைக்கிற இடத்தைச் சாக்பீஸால் குறித்திருந்தாள். முதல் நாள் ஒன்று எடுத்தாள். பார்க்கக் கூடாது என்றாரே, பார்த்தாள். இரண்டாம் நாள் நான்கு எடுத்து, அதில் கோணல் குறைவாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தாள். ஒரு வாரத்தில் நான்கு பதினாலாயிற்று.

"டாக்டர் ஒண்ணுதானே எடுக்கச் சொன்னார்?" என்றார் புருஷன், பால் பொங்கி வழிவதைப் பார்த்து அடுப்பை அணைத்தபடி.

"ஒண்ணுதானே வச்சிருக்கேன்?"

அவர் கண் சோதிக்கிறவர். எந்தக் கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்று தெரிந்தவர்.

பயிற்சியிலும் இதே கதைதான். ஐந்து நிமிஷம் எதற்குப் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. உதட்டைக் குவி, விரி, குவி, விரி. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குவித்தாள். துணி உலர்த்தும்போது விரித்தாள். கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து மேலே தூக்கினாள். பலவந்தம் கூடாது என்பதெல்லாம் பலம் இல்லாதவர்களுக்குச் சொல்வது என்று ஒரு எண்ணம். கேஸ் கொண்டுவருகிறவர் அவள் தன்னைப் பார்த்து முத்தம் கொடுப்பதுபோல் வாயைக் குவிப்பதைக் கண்டு, சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். நாத்தனார் படியிறங்கி வந்து ஆச்சரியப்பட்டாள்.

"ஏண்டி, வாய் வலிக்காதா உனக்கு?"

"வலிச்சாத்தானே அண்ணி உயிர் இருக்குன்னு அர்த்தம்."

மூன்றாம் மாதம் உயிர் வரத்தான் செய்தது. கண் மூடியது. நான்காம் மாதம் வாயோரம் ஏறியது. ஐந்தாம் மாதத்துப் படத்தைப் பார்த்தால் சாதாரணமாக ஒரு பெண் சமையலறையில் நின்று சிரிக்கிறாள், அவ்வளவுதான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மாதாமாதம் பிசியோ டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டாள். அங்கே இரண்டு மணி நேரம் நாற்காலியில் காத்திருக்க வேண்டும், அது அவளால் முடியாத காரியம். படங்களைப் போனில் அனுப்பினாள். 'நல்ல முன்னேற்றம். நேரில் வாருங்கள்' என்று பதில் வந்தது. முதல் வரியை நாலு தரம் படித்தாள். இரண்டாவது வரி கண்ணிலேயே படவில்லை.

லைப்ரரி என்பது நான்கு அலமாரி. முதல் மாதம் புத்தகங்களை அகரவரிசையில் அடுக்கினாள். இரண்டாம் மாதம் உயர வரிசையில். மூன்றாம் மாதம் அட்டையின் நிறத்தின்படி அடுக்கியதில், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகமும் கிடைக்காமல் போய், புகார் வந்தது. கை பரபரவென்று இருந்தது. ஜன்னல் வழியாகச் சின்ன வகுப்பு தெரியும். புது டீச்சர், கல்யாணமாகாத சின்னப் பெண், காகிதத் துண்டைக் குழந்தையின் மூக்குக்கு எதிரே பிடிக்கிறாள். மூக்குக்கு! பம்பரத்துக்கு மண்டை காய்ந்தது. மூன்று தரம் எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்தாள்.

ஐந்தாம் மாதம் போகவே போய்விட்டாள். வகுப்புக்கு இல்லை, அவ்வளவு துணிச்சல் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் சின்னக் குழந்தைகள் ஆறு பேரை லைப்ரரிக்கு வரவழைத்தாள். படப்புத்தகம் காட்டுவதாகப் பெயர். பூனைப் படம், பூப் படம். படத்தைக் காட்டினால் சொல்லைச் சொல்லத்தானே வேண்டும்? சொன்னால் குழந்தை திருப்பிச் சொல்லத்தானே செய்யும்? காகிதத் துண்டு ஒன்று எப்படியோ கைக்கு வந்து சேர்ந்தது. முகம்தான் படத்தில் நன்றாக இருக்கிறதே, இதில் என்ன தப்பு என்று தனக்குத் தானே வக்காலத்து வாங்கிக்கொண்டாள். மூன்று மாதம் இது நடந்தது. அந்த முக்கால் மணி நேரம் மட்டும் அவள் பம்பரமாக இல்லை.

எட்டாம் மாதம் தலைமை ஆசிரியைக்கு ஒரு கவலை வந்தது. புது டீச்சர் போய்ச் சொல்லியிருக்கிறாள்: ஆறு குழந்தைகளுக்கு இடது கண்ணில் ஏதோ கோளாறு, திடீர் திடீரென்று சுருங்கி மூடிக்கொள்கிறது, ஒட்டுவாரொட்டியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. தலைமை ஆசிரியை யோசிக்காமல் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போன் செய்துவிட்டார். பம்பரத்தின் புருஷன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எழுத்துக்குப் பதில் வீடு, குடை, வாத்து என்று படம் போட்ட அட்டையை மாட்டி, ஒவ்வொரு குழந்தையாக உட்கார்த்தி, டார்ச் அடித்து, தன் வழக்கமான நிதானத்தோடு ஒன்றரை மணி நேரம் பார்த்தார். அப்புறம் லைப்ரரிக்கு வந்தார்.

"ஆறு பேருக்கும் கண் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். "ஒரு குறையும் இல்லை. ஆனா ஒரு வேடிக்கை. 'பூ'ன்னு சொன்னா மட்டும்தான் மூடுதுங்க. மத்த நேரம் மூடலை."

"பூன்னு சொன்னாவா?" என்றாள் அவள்.

அவர் அவளையே பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். "இன்னொரு தரம் சொல்லு."

"என்ன?"

"அதான், பூ."

சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்து, வாடிக்கையாளர்கள் மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைப் பார்த்துச் சொன்னாள். உதடு குவிந்தது. கூடவே, யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல், இடது கண் சுருங்கி மூடியது. ஊ என்றாள். மூடியது. கூ, மூ, தூ. எது சொன்னாலும் உதடு குவிந்த மாத்திரத்தில் கண் போய் ஒட்டிக்கொண்டது.

"வீட்டுல நீங்க இதைப் பார்க்கவே இல்லையா?" என்றாள்.

அவர் அசடு வழிந்தார். "பார்த்தேன். ஒரு மாசமா பார்க்கிறேன். நீ என்னைப் பார்த்துக் கண் அடிக்கிறேன்னு நினைச்சேன். இத்தனை வருஷம் கழிச்சு அடிக்கிறாளே, கேட்டுக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்று முகத்தில் ஈயாடவில்லை. இருநூற்று ஐம்பது படம் சேர்த்து வைத்திருக்கிறாள். அத்தனையும் ஒரே சிரிப்பு. ஒரு படத்திலாவது வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கிறாளா? இல்லை. அவள் பார்க்க மறந்ததை ஆறு குழந்தைகள் கண்ணும் கருத்துமாகப் பார்த்திருக்கின்றன. டீச்சர் முகத்தில் என்ன நடக்கிறதோ அதை அப்படியே செய், அதுதான் பேச்சு என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். உதட்டைக் குவித்தன, காற்றை விட்டன, இடது கண்ணையும் ஒழுங்காக மூடின. ஒன்றையும் விடவில்லை.

தலைமை ஆசிரியையிடம் தானே போய்ச் சொன்னாள். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினாள். அவர், "புதுப் பொண்ணுக்கு இதைச் சரி பண்ண எத்தனை நாள் ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார். தெரியும். கற்றுக்கொடுப்பதைவிட அழிப்பது கஷ்டம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

பிசியோ டாக்டர் அன்று காத்திருக்கவைக்கவில்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பயிற்சி பண்ணீங்க?" என்றார்.

"ஒரு மூணு மணி நேரம். சில நாள் கூட."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நரம்பு திரும்ப வளரும்போது ஒயரை மாத்திக் கோத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. உதட்டுக்குப் போக வேண்டியதுல கொஞ்சம் கண்ணுக்கும் போயிடும். அது நிறையப் பேருக்கு வர்றதுதான். ஆனா நீங்க அழுத்தி அழுத்தி அதை நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க. அதான் அஞ்சு நிமிஷம்னு சொன்னேன். அதான் நேர்ல வாங்கன்னு சொன்னேன்."

"இப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது."

"அப்படின்னா?"

"கண்ணாடி முன்னாடி உட்காருங்க. மெதுவா, ரொம்ப மெதுவா, கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுப் பாதி உதடு குவிங்க. பத்துத் தரம். அதோட விடுங்க. மீதி நேரம் சும்மா உட்காருங்க. போட்டோவும் இனிமே சிரிச்சுக்கிட்டு வேண்டாம். பூன்னு சொல்ற மாதிரி எடுங்க. ஒண்ணே ஒண்ணு, பதினாலு இல்லை." அவள் திடுக்கிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த நாள்காட்டியை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

சும்மா உட்காருவது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தால் குதிகால் தானாகத் தரையைத் தட்டும். காலைக் கட்டினால் விரல் தாளம் போடும். விரலை மடக்கினால் மனசு கிளம்பி ஓடும். அந்த ஆறு குழந்தைகள், புது டீச்சர், இன்னும் நூற்றுப் பத்து நாள், நூற்று ஒன்பது நாள். தன்மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை அவசரப்பட்டு என்ன கிழித்தேன் என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். பாத்திரம் கழுவுவது பயிற்சியில் சேராது என்பதால் அதை யாரும் தடுக்கவில்லை.

படம் மட்டும் தினம் ஒன்று. எடுத்ததை அழிக்க முடியாது என்றானதும், ஆறு நாற்பது மணி வந்தாலே சாக்பீஸ் குறியில் கால் வைக்கத் தயங்கினாள். இருநூற்று ஐம்பத்தொன்றாம் படத்தில் இடது கண் முழுசாக மூடியிருக்கிறது. இருநூற்று எண்பதில் ஒரு கீற்று. முந்நூற்றுப் பத்தில் பாதி. நடுவில் ஒரு வாரம் ஆத்திரத்தில் பழையபடி அழுத்திப் பயிற்சி செய்துவிட்டாள் போலும், முந்நூற்று இருபதில் மறுபடியும் கீற்றுதான். அன்றைக்குச் சமையலறையில் நின்று அழுதாள். அதற்கப்புறம் ஒழுங்காக உட்கார்ந்தாள். முந்நூற்று அறுபதில் இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒரே அளவாகத் திறந்திருந்தன. அந்த ஏறக்குறைய என்பதைப் புருஷனால் கண்டுபிடிக்க முடியவில்லை, நாத்தனாராலும் முடியவில்லை.

புது டீச்சர் இதற்குள் ஆறு குழந்தைகளின் கண்ணையும் திறக்கவைத்துவிட்டாள். ஏழு வாரம் பிடித்தது. தினமும் லைப்ரரி ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பது பம்பரத்துக்குத் தண்டனையாக இருந்தது. பெண் கெட்டிக்காரி. காகிதத்தை இப்போது உதட்டுக்கு எதிரே பிடித்தாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால், "அக்கா, சாப்டாச்சா?" என்று கேட்பாள். அதுதான் இன்னும் குத்தியது.

முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. தலைமை ஆசிரியை தன் அறையில் சின்ன மேஜையைப் போட்டு வைத்திருந்தார். "உங்க முகத்தை நான் பார்த்து என்ன தெரியப்போகுது? குழந்தை சொல்லட்டும்" என்றார். போன வாரம் சேர்ந்த ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. நான்கு வயது. இரட்டைச் சடை, முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு. புது டீச்சர் அதற்கு இன்னும் 'ஆ', 'மா'வுக்கு மேல் எதுவும் ஆரம்பிக்கவில்லை. பம்பரத்தை அது பார்த்ததே இல்லை.

அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். குதிகால் தட்டவில்லை. குழந்தையின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். காகிதத் துண்டைப் பிடித்தாள். பூ என்றாள், மெதுவாக. காகிதம் துள்ளியது. குழந்தை காகிதத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. அதன் முறை. வெறும் காற்று வந்தது. மறுபடியும். எச்சில் வந்தது. மறுபடியும், மறுபடியும். இருபதாவது தரமோ என்னவோ, காகிதம் துள்ள, கூடவே சன்னமாக, கரகரவென்று, ஆனால் சந்தேகமே இல்லாமல், "பூ."

தலைமை ஆசிரியை கைதட்டினார். காது கேளாதவர்கள் பள்ளியில் கைதட்டினால் யாருக்குக் கேட்கும் என்பதை இத்தனை வருஷம் கழித்தும் மறந்துவிடுவார். "போதும் டீச்சர். கண் திறந்தே இருக்கு. திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துடுங்க."

ஒரு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. குழந்தையின் இடது கண்ணுக்குக் கீழே, இமை ஓரத்தில், ஒரு சுருக்கம் வந்து போனதை அவள் பார்த்திருந்தாள். நூல் மாதிரி. வலது பக்கம் அது இல்லை.

"இன்னொரு தரம்" என்று குழந்தைக்குக் காட்டினாள். பூ. சுருக்கம். இன்னொரு தரம். சுருக்கம்.

"என்ன பார்க்கிறீங்க?" என்றார் தலைமை ஆசிரியை.

"இடது கண்ணுக்குக் கீழே பாருங்க மேடம்."

அவர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தானே சொல்லுது? நீங்களா எதையாவது கிளப்பாதீங்க."

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு நூல். நாலு நாளில் அதுவே போய்விடலாம். போகாமலும் இருக்கலாம். நாலு மாதத்தில் நூல் கயிறாகலாம். ஆறு குழந்தைகள், ஏழு வாரம். அவளுக்கு அந்த வகுப்பு வேண்டும். இந்தக் குழந்தையின் அடுத்த சொல்லும் அதற்கடுத்த சொல்லும் தன்னிடமிருந்தே போக வேண்டும் என்று வெறியாக இருந்தது. அப்படி இருந்ததனாலேயே அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியுது மேடம்" என்றாள். "என்கிட்டேருந்துதான் வாங்கியிருக்கு. வகுப்பை அந்தப் பொண்ணுக்கே கொடுத்துடுங்க."

தலைமை ஆசிரியை பதில் சொல்வதற்குள், எங்கே மனசு மாறிவிடுமோ என்ற பயத்தில், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வராந்தாவைக் கடந்து சின்ன வகுப்புக்குள் போனாள். புது டீச்சர் பதறி எழுந்தாள்.

"இவளுக்குப் பூ சொல்லிக் காட்டும்மா" என்றாள் பம்பரம்.

"அக்கா, நான் எதுக்கு? நீங்களே..."

"சொல்லு."

அந்தப் பெண் மண்டியிட்டுச் சொன்னாள். குழந்தை அவளையே உற்றுப் பார்த்தது. நிமிர்ந்து பம்பரத்தைப் பார்த்தது. மறுபடியும் அவளைப் பார்த்தது. உதட்டைக் குவித்தது. ஏழெட்டுத் தரம் தடுமாறியது. அப்புறம், "பூ." இரண்டு கண்ணும் மலர்ந்து திறந்திருந்தன. சுருக்கம் இல்லை. பம்பரத்துக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. இரண்டையும் மறைக்க நினைத்து எதையும் மறைக்க முடியாமல், திரும்பிப் போகக் கதவைப் பார்த்தாள்.

புடவையை யாரோ இழுத்தார்கள். குழந்தை. சரியாகச் சொல்லாதவர்களை விடக் கூடாது என்பதைப் பள்ளிக்கு வந்த ஒரு வாரத்தில் அது கற்றிருந்தது. பம்பரத்தைக் கீழே உட்கார் என்று கையைக் காட்டியது. உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த காகிதத் துண்டைப் பிடுங்கி, அவள் உதட்டுக்கு எதிரே நீட்டிப் பிடித்தது.

அவள் பூ என்றாள்.

குழந்தை காகிதத்தைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, இல்லை என்று தலையை ஆட்டியது. இன்னொரு கையால் அவள் இடது கண்ணுக்குக் கீழே ஒரு விரலை வைத்தது. எங்கே சுருங்கியதோ சரியாக அந்த இடத்தில். தலைமை ஆசிரியைக்குத் தெரியாதது, முந்நூற்று அறுபத்தைந்து படத்தில் அகப்படாதது, அதற்குத் தெரிந்திருந்தது. விரலை எடுக்காமல் காத்திருந்தது, அவசரமே இல்லாமல்.

சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மற்ற குழந்தைகள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடின. பம்பரம் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் சொன்னாள். குழந்தை தலையை ஆட்டியது. மறுபடியும் சொன்னாள்.